பச்சைக் கீரையை மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறோம்: எங்கள் வீட்டில் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

மல்லிநாற்று, தங்கச்சிமடம் | மே 4

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் மணல். அதில் மல்லிப்பூ நாற்றுப் போட்டு விற்கிறோம். மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எங்கள் ஊரிலிருந்துதான் நாற்று போகிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து கரையில் இருக்கிறார், இனி ஜூன் 14 முடிந்துதான் படகு இறங்கும். இந்த 61 நாளும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வீட்டுச் சாப்பாட்டை மாற்றுவதென்றால் இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது.

எங்கள் சாப்பாடு சோறும் மீனும்தான். காரல், சூடை, நகரை என்று எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. காய் என்றால் குழம்பில் கிடக்கும் கத்திரிக்காய், மாங்காய், முருங்கைக்காய். கீரை வாரத்தில் ஒரு நாள் கடைந்தால் அதிகம். பச்சையாக நாங்கள் கடிப்பது வெங்காயம் மட்டும். கடைக்கு வரும் கீரைக்கட்டு மதுரையிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வந்து சேர்வதற்குள் வாடித் துவண்டுவிடும், அதனால் வாங்கவும் மனம் வராது.

மூத்த மகளுக்கு 15 வயது. மார்ச்சில் பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று எழுதிக் கொடுத்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வேக வைத்த மீன் சதை மாதிரி வெளுத்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கீரைப் பொரியல் வைத்தால் ஒதுக்கிவிடுகிறாள். சென்னையில் இருக்கும் சித்தி மகள்தான் சொன்னாள், கீரையையும் பழத்தையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல் அப்படியே குடிக்கிறார்கள், ஸ்மூத்தி என்று பெயர், பச்சையாக உள்ளே போவதால் சத்து வீணாகாது என்று.

முதல் நாள் செய்ததைச் சொல்கிறேன். மல்லிப் பாத்திகளுக்கு நடுவே தண்டுக்கீரை தானாக முளைத்துக் கிடக்கும். இரண்டு கைப்பிடி பறித்து, ஒரு முறை அலசி, நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு அடித்தேன். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. நுரைக்குக் கீழே வெறும் பச்சைத் தண்ணீர், அதற்கும் கீழே நார். பல்லில் மணல் நறநறவென்றது. மகள் ஒரு மடக்கு விழுங்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மறுநாள் இரண்டு வாழைப்பழம் சேர்த்தேன். முகத்தைச் சுளித்தாலும் அரை டம்ளர் குடித்தாள். வீட்டுக்காரர் முழு டம்ளர் குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை இப்போதுதான் எல்லையில் நிற்கிறது, மாத்திரை இன்னும் தொடங்கவில்லை.

ஆசையாகக் குடிப்பது என் மாமியார்தான். வயது 68. ஏழு வருடத்துக்கு முன் இருதயத்தில் வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை எடுக்கிறார். ஆறு நாளாகக் காலையில் ஒரு டம்ளர். வயிறு லேசாக இருக்கிறது, மலச்சிக்கல் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். நார் இல்லாமல் எப்படி அரைப்பது? பச்சையாக எந்தக் கீரை ஆகும்? மணலும் புழுவும் போக எப்படிக் கழுவுவது? குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரில் நாலு தரம் கீரை அலச முடியாது. முக்கியமாக, இதைக் குடித்தால் மகளுக்கு ரத்தம் ஊறுமா?


உச்சிப்புளித் தோட்டம் | மே 4

தங்கச்சி, அரைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், மூன்று வருடமாகக் குடிக்கிறவன்.

ஜூஸ் ஜாருக்குள் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிடுங்கள். அது சக்கையைப் பிடித்து வைப்பதற்கு, நமக்குச் சக்கையும் வேண்டும். உயரமான ஜாரைவிடச் சட்னி ஜாரில் இலை நன்றாக அரையும். இலையை மட்டும் முதலில் போட்டு, இலை மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் சந்தனம் மாதிரி இருக்க வேண்டும். திப்பி தட்டினால் மறுபடி ஓட்டுங்கள். பழம், மீதித் தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பழம் குழைந்துவிடும், இலை பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு நார் வந்தது அதனால்தான். தண்டையும் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் பானைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கட்டும். நம் மிக்ஸி வேகத்தில் ஜார் சூடாகி இலை வாடை தூக்கும். நுரை வந்தால் ஜாரை மூடி இரண்டு நிமிடம் வைத்தால் அடங்கும். ஆனால் மணிக்கணக்கில் வைக்காதீர்கள், நிறமும் கறுக்கும், வைட்டமின் சி-யும் குறையும்.

வாழைப்பழத்துக்குப் பதிலாக இப்போது நுங்கு கிடைக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நுங்கு போட்டால் வழுவழுவென்று வரும், தித்திப்பும் குறைவு. அரைக் கொய்யா, ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சை. இரண்டு பத்தை தேங்காய் கண்டிப்பாகப் போடுங்கள். கீரையில் இருக்கும் மஞ்சள் சத்து, அதாவது உடம்பில் வைட்டமின் ஏ ஆவது, கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். இலை ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். இரண்டு கைப்பிடியில் தொடங்கினால் எந்தப் பிள்ளையும் வாந்திதான் எடுக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். மல்லிப் பாத்திக்கு நடுவே பறித்தேன் என்கிறீர்களே, கடைசியாக மல்லிக்கு மருந்து அடித்தது எப்போது?


ராம்நாடு செவிலியர் | மே 4, இரவு

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாமியார் விஷயம்.

வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை, வார்ஃபரினோ அசிட்ரோமோ எதுவானாலும், வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான் ரத்தம் உறையாமல் வைத்திருக்கிறது. பச்சை இலைகளில் அதிகம் இருப்பதே வைட்டமின் கே. வாரம் ஒரு நாள் கீரை சாப்பிட்டவர் திடீரென்று தினமும் ஒரு டம்ளர் குடித்தால் மாத்திரையின் வேலை குறைந்து, வால்வில் ரத்தம் கட்ட வழியாகிவிடும். நாளைக் காலையிலேயே ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யுங்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் எண் அது, குறைந்தால் சீக்கிரம் உறைகிறது என்று அர்த்தம். டம்ளரை நிறுத்திப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பட்டும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரிடம், ஆறு நாள் இவ்வளவு கீரை குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, மூச்சுத் திணறல் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே 108.

கீரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரா வாரம் ஒரே அளவாக இருந்தால் அதற்கேற்ப மாத்திரை அளவை வைப்பார்கள். ஏறி இறங்குவதுதான் ஆபத்து.

மற்றவற்றை நாளை டூட்டி முடிந்து எழுதுகிறேன்.


மல்லிநாற்று, தங்கச்சிமடம் | மே 5

தங்கச்சி, இதைப் படித்தபோது ராத்திரி பத்தரை. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிப் பேசச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் கூட்டிக்கொண்டு போனோம். போன மாதம் 2.8 இருந்த ஐ.என்.ஆர். இப்போது 1.7. மருத்துவர் சீட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, கீரை நல்லதுதான், ஆனால் இவருக்குச் செய்யும் எந்த மாற்றத்தையும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். மாத்திரையைச் சில நாளைக்கு மாற்றி எழுதி, ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் அந்த நேரத்தில் பதில் எழுதாமல் விட்டிருந்தால் ஏழாவது டம்ளரையும் நானே கொடுத்திருப்பேன். நன்றி என்று சொன்னால் போதாது.

உச்சிப்புளி அண்ணன் கேட்டதற்குப் பதில்: ஏப்ரல் 23-ல் மொட்டுப்புழுவுக்கு அடித்தோம். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. பூவுக்கு அடிக்கிறோம், பூவை யாரும் தின்பதில்லை என்ற நினைப்பிலேயே இத்தனை வருடம் ஓடிவிட்டது. அதே பாத்தியில் முளைத்த கீரையை வேக வைக்கக்கூட இல்லாமல் பிள்ளைக்கு அரைத்துக் கொடுத்திருக்கிறேன். இன்று காலையில் பாத்திக்குள் நின்ற கீரையெல்லாம் பிடுங்கிப் போட்டாயிற்று.


ராம்நாடு செவிலியர் | மே 5, இரவு

1.7 தெரிந்ததே நல்லது அக்கா. மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி மகள். 15 வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் நடுத்தர ரத்தசோகை. 9.4-ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். 100 கிராம் முருங்கைக்கீரையிலேயே இரும்பு ஏறக்குறைய 4.5 மில்லிகிராம்தான், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்கு. உங்கள் டம்ளரில் போடும் ஒரு கைப்பிடி இலை 30 கிராம் தேறும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரை ஒன்றில் இரும்பு மட்டும் 60 மில்லிகிராம். 9.4 இருக்கும் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒன்று போதாது, தினமும் என்று மருத்துவர் எழுதித் தருவார், பெரும்பாலும் மூன்று மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பள்ளியில் வாங்கிய மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று பல பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது சாதாரணம் என்று சொல்லி வையுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள்?

டம்ளர் வீண் என்று நினைக்க வேண்டாம். கொய்யாவும் எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்ந்தால் இலையில் உள்ள இரும்பு கூடுதலாக ஒட்டும். குடித்த கையோடு டீ குடித்தால் அது கெட்டுவிடும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எந்த இலை என்று கேட்டீர்கள். தண்டுக்கீரை, முளைக்கீரை, பாலக், பருப்புக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். நம் பக்கத்து வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடம்பில் அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகும். இந்தக் கீரைகளை வேக வைத்துத் தண்ணீரை வடித்துச் சாப்பிடுவதே நல்லது. 2018-ல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் விவரம் வந்தது. 65 வயதுப் பெண், உடம்பைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ஆக்சலேட் மிகுந்த பச்சை ஸ்மூத்திகளைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்துபோனது. அவருக்கு ஏற்கெனவே இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தது, நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கும் எடுத்திருந்தார், அதனால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் யாருக்காவது கல் வந்திருந்தாலோ, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தாலோ இந்தப் பழக்கமே வேண்டாம். பச்சையாக அரைக்க முதலில் கொத்தமல்லி, புதினாவில் தொடங்குங்கள். கூட வெள்ளரிக்காய், கேரட்.

சுரைக்காயைப் பச்சையாக அடித்துக் குடிக்கச் சொல்லி உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். கசக்கும் சுரைக்காய் விஷம், குடித்து இறந்தவர்கள் உண்டு. 2011-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் எறிந்துவிட வேண்டும், சுரைக்காய்ச் சாற்றோடு வேறு சாறு கலக்கக் கூடாது என்று சொன்னது. இஞ்சியும் பழமும் கலந்தால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போய்விடும் என்பதால் ஸ்மூத்தியில் சுரைக்காயே போடாதீர்கள்.

கழுவுவது. பச்சை இலை வழியாக வருவது டைபாய்டு, அமீபா, புழு முட்டை. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் பூச்சி மிதந்து வரும், முட்டை சாகாது. இலை இலையாக விரலால் தேய்த்து, விழும் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. மணல் போக முதல் இரண்டு அலசுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் காய்ச்சி ஆறிய தண்ணீர். ஒரு கைப்பிடி இலைக்கு அது ஒரு செம்புதான் ஆகும். வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த வல்லாரையை எவ்வளவு கழுவினாலும் பச்சையாக வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் போட்ட டம்ளர் ஆகாது. கடித்துத் தின்னும் பழத்தைவிட அடித்த பழம் சுலபமாக உள்ளே போகும், அளவு தெரியாது. அரைக் கொய்யாவோடு நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் கிழங்கைச் சேர்க்காமல் ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. டம்ளரில் 30 கிராம் இலை போனால், பாக்கி தட்டில்தான் வர வேண்டும்.


முகாம் ராசாத்தி, மண்டபம் | மே 7

பிள்ளை, நான் மன்னார்ப் பக்கம் பிறந்து 1990-ல் படகில் இங்கே வந்து சேர்ந்தவள். நீங்கள் எல்லாம் கதைக்கிற இந்தப் பச்சைச் சாமான் எங்களுக்குப் புதிது இல்லை. உங்கள் மகளுக்கு டம்ளரில் பிடிக்காவிட்டால் சோற்றோடு கொடுத்துப் பாருங்கள்.

வல்லாரைச் சம்பல் என் அம்மம்மா கை வைத்தியம் மாதிரி. வல்லாரையை அரிவாள்மணையில் தலைமயிர் போல மெல்லிசாக அரிய வேண்டும். சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கைப்பிடி தேங்காய்ப்பூ. கடைசியில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் (உங்கள் எலுமிச்சைதான்) விட்டு விரலால் பிசைய வேண்டும். பிசைகிற நேரம் இலை சுருண்டு கையில் பச்சை ஒட்டும், அந்த மணம் வந்தால் போதும், நிறுத்திவிட வேண்டும். அடுப்பே இல்லை. சுடு சோற்றுக்கும் பொரித்த மீனுக்கும் அதைப் போல ஒன்று கிடையாது. பொன்னாங்கண்ணியிலும் இப்படியே செய்யலாம். மீன் தின்கிற வீட்டுக்கு இதுதான் பொருத்தம், மீனை விடச் சொல்லாமல் பக்கத்தில் பச்சையை வைக்கிற வேலை.

அதோடு இலைக்கஞ்சி. பச்சரிசியும் பயறும் குழைய வேக வைத்து, இலைகளை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப் பாலையும் இறக்குகிற நேரம் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். மிளகும் தேசிக்காயும் போட்டு, ஒரு கடி பனங்கட்டியோடு குடிப்போம். ஒரு கொதி கொதிக்கிறபடியால் அந்த நர்ஸ் பிள்ளை சொன்ன கிருமிப் பயமும் குறையும். இலை வாடை பிடிக்காத பிள்ளைக்கு இதுதான் முதல் படி.

என்னிடம் தொட்டியில் பொன்னாங்கண்ணி நிறைய நிற்கிறது. மருந்து ஒன்றும் அடிக்கிறதில்லை. மண்டபம் வந்தால் கொம்பு ஒடித்துத் தருகிறேன், நட்டால் பிடித்துக்கொள்ளும்.


உச்சிப்புளித் தோட்டம் | மே 8

நட்டுவிட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி. இடத்தை மட்டும் பார்த்து வையுங்கள். இனி ஆவணி வரை கச்சான்தான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றுதான் அடிக்கும். மல்லிக்குக் கிழக்கே கீரையை வைத்தால் தெளிக்கும் மருந்தெல்லாம் காற்றோடு அதில்தான் விழும். இலைக்குள் இறங்கும் ரக மருந்தாக இருந்தால் கழுவினாலும் போகாது. மேற்கே வையுங்கள், நடுவில் ஓலைத் தட்டி ஒன்று கட்டுங்கள். மருந்து அடிக்கும் நாளில் தொட்டியைச் சாக்கால் மூடிவிட்டால் இன்னும் நல்லது. தென்னைநார்க் கழிவும் மட்கின எருவும் கலந்த பையில் கொத்தமல்லி நாற்பது நாளில் வந்துவிடும், இந்த வெயிலுக்கு நிழல்வலை மட்டும் வேண்டும்.


மல்லிநாற்று, தங்கச்சிமடம் | ஜூன் 17

பதில் சொன்ன எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்றுதான் திரும்ப வந்தேன்.

மாமியாருக்கு மறுபரிசோதனையில் 2.6. இப்போது அவருக்குச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் கீரை, இரண்டு நாளும் ஒரே கரண்டி அளவு, மருத்துவரிடம் கேட்டுத்தான். டம்ளர் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. எல்லோரும் குடிக்கும்போது தனக்கு இல்லையே என்று நினைப்பாரே என்று எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவருக்கு வெள்ளரிக்காய், தயிர், சீரகம் போட்டு அடித்துக் கொடுக்கிறேன். வெள்ளரிக்காயைத் தோல் சீவிப் போட்டால் வைட்டமின் கே அதிகம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். பச்சை நிறம் லேசாகத் தெரிகிறது, அது போதும் அவருக்கு.

மகளின் பையைத் தேடியபோது செவிலியர் தங்கச்சி சொன்னது அப்படியே சரி. பென்சில் டப்பாவுக்குள் பதினோரு நீல மாத்திரை. நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்டேன். வகுப்பில் ஒருத்திக்கு வாந்தி வந்ததாம், அதிலிருந்து பயமாம். சுகாதார நிலையத்தில் தினமும் போட எழுதிக் கொடுத்தார்கள், குடற்புழு மாத்திரையும் போட்டாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கண் முன்னால் போடுகிறாள், கையோடு ஒரு நெல்லிக்காய். ஜூன் 15-ல் பார்த்தபோது 10.9. இமையை இழுத்துப் பார்த்தேன், ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. இன்னும் ஒன்றரை மாதம் மாத்திரை இருக்கிறது.

டம்ளரும் நிற்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் அரைக்கிறேன். கொத்தமல்லி ஒரு கைப்பிடி, புதினா பத்து இலை, அரைக் கொய்யா, நுங்கு இரண்டு, தேங்காய் ஒரு பத்தை, இஞ்சி, எலுமிச்சை. இலையை மட்டும் முதலில் சட்னி ஜாரில் அரைத்தது பெரிய வித்தியாசம். விரலில் தேய்த்துப் பார்த்தால் அண்ணன் சொன்ன சந்தனப் பதம்தான். நுங்கு சீசன் முடிந்ததும் என்ன செய்வது என்று இப்போதே மகள் கேட்கிறாள், குடிக்கப் பிடித்துப்போனதால்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்து நின்றது ராசாத்தி அக்காவின் சம்பல்தான். மண்டபத்துக்குப் போய் ஒரு மதியம் முழுக்க அவர் வீட்டில் இருந்தேன். பொன்னாங்கண்ணியை அவர் அரிந்த மாதிரி எனக்கு இன்னும் வரவில்லை. என் இலை அகலமாக விழுகிறது, அகலமாக விழுந்தால் பச்சை வாடை நிற்கிறது. அவர் கொடுத்த ஏழு கொம்பில் ஐந்து பிடித்துவிட்டது. மல்லிக்கு மேற்கே, சமையலறைச் சுவரோரம் வைத்து, நடுவில் ஓலைத் தட்டி கட்டியிருக்கிறோம்.

தடை முடிந்து 15-ஆம் தேதி படகு இறங்கிவிட்டது. கடலில் மிக்ஸி ஏது? வெள்ளரிக்காய் நாலு, கேரட் நாலு, மாங்காய் ஒன்று கழுவித் துடைத்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். சம்பல் கடலில் ஊசிப்போகும் என்பதால் வெங்காயத்தையும் எலுமிச்சையையும் தனியாகக் கட்டி வைத்தேன். நேற்றுக் கரை சேர்ந்ததும் பையைத் திறந்து பார்த்தேன், ஒரு கேரட் மட்டும் மிச்சம். படகில் இருந்த மற்ற ஐந்து பேரும் சேர்ந்து தின்றுவிட்டார்களாம், அடுத்த தரம் கூடுதலாக வைக்கச் சொன்னார்.

வல்லாரை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் யாராவது தொட்டியில், சுத்தமான மண்ணில் வைத்திருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு வேர் பிடித்த மல்லி நாற்று பத்து தருகிறேன்.